ஈரத்துணியைப் பற்றி ஒரு கேள்வி

கிளெனிஸ் ஹாரப் பள்ளி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அதற்கு முன் இருபத்தைந்து வருடம் லெட்மோர் வெள்ளீயச் சுரங்கத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள். சுரங்கத்தை மூடினார்கள். ஊரில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிவிட்டு, டாஸ்மேனியாத் தீவே வேண்டாம் என்று மெல்பர்னுக்குக் கப்பல் ஏறினார்கள். மீதிப் பேர் போக வழியில்லாமலோ மனமில்லாமலோ தங்கிவிட்டார்கள். கிளெனிஸுக்கு மனமில்லை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி கெல் இரண்டு தெரு தள்ளி இருந்தான். அது போதும் என்று நினைத்தாள்.

தபால் நிலையக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் நூலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்காணலில் தலைமையாசிரியர் டக்கெட், "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது பட்டத்தை. கிளெனிஸ் தான் படித்த நாவல்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். கால் மணி நேரம் சொன்னாள். டக்கெட் குறுக்கே பேசவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அடுத்த வருடம் பள்ளியில் 'இருபது நிமிடம்' தொடங்கியது. காலை இடைவேளை முடிந்து மணி அடித்ததும் பள்ளியில் இருக்கிற எல்லோரும் இருபது நிமிடம் படிக்க வேண்டும். பேச்சு கிடையாது, பரீட்சை கிடையாது. டக்கெட் தன் அறைக் கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு மீன்பிடிப் பத்திரிகை படிப்பார். கூட்டிப் பெருக்குகிறவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து படிப்பார். தொலைபேசி அடித்தால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். திட்டத்துக்கான புத்தகங்கள் மாநிலத் தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. அவற்றைப் பிரித்து, எண் போட்டு, அடுக்கிக் கொடுப்பது கிளெனிஸின் வேலை.

அந்தப் பெட்டிகளில் பாதிக்கு மேல் கஷ்டப்படும் பிள்ளைகளைப் பற்றிய நாவல்கள். குடிகார அப்பா, காணாமல் போன அம்மா, வறட்சியில் செத்த மாடுகள், போரிலிருந்து தப்பி வந்த படகு. அட்டையில் பெரும்பாலும் ஒரு சிறுமி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பாள். கிளெனிஸ் எல்லாவற்றையும் படித்தாள். பல புத்தகங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. அவற்றை யார் எடுத்துப் போகிறார்கள் என்பதையும் கவனித்தாள். காவல் நிலைய சார்ஜண்டின் மகள் ஃபிலிசிட்டி ஒரே வருடத்தில் பதினொரு அனாதைகளைப் படித்து முடித்தாள். வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்ட பையன்கள் டிராகன் கதையும் கால்பந்துக் கதையும் கேட்டார்கள். இதில் ஏதோ இருக்கிறது என்று கிளெனிஸுக்குத் தோன்றியது. என்ன என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் ஆலோசகர் வந்தார். "ஒரு பிள்ளையோட வாழ்க்கைக்குப் பொருந்துற புத்தகத்தக் கண்டுபிடிச்சு அது கையில குடுங்க. 'நான் மட்டும் தனியா இல்ல'ன்னு அதுக்குத் தெரியும்" என்றார். கிளெனிஸ் அதை ஒரு அட்டையில் எழுதித் தன் மேசை இழுப்பறைக்குள் ஒட்டிவைத்தாள். சமையல்காரியாக இருந்து வந்தவளுக்குத் தன் வேலையைப் பற்றி யாரோ ஒருவர் இவ்வளவு தெளிவாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்படி அவள் கண்ணில் பட்டவள்தான் டேனிகா ஸ்டப்ஸ். பதின்மூன்று வயது, ஏழாம் வகுப்பு. சுரங்கத்தில் பாறை சரிந்து அப்பாவுக்கு முதுகெலும்பு போயிருந்தது. அவரால் அறைக்கு அறை நடக்க முடியும், குனிய முடியாது. அம்மா இரண்டு வருடத்துக்கு முன் கடல் தாண்டி ஜீலாங்குக்குப் போனவள், கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் மட்டும் வருவாள். கீழே இரண்டு தம்பிகள். ஊருக்கு இதில் பாதி தெரியும், மீதியைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது மரியாதை என்று ஊர் நினைத்தது. டேனிகா நூலகத்துக்கு வந்தால் ஹீட்டருக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். அவள் ஸ்வெட்டரிலிருந்து காயாத கம்பளியின் வாடை வரும்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் 'நாலாவது தட்டு' என்ற நாவல் பெட்டியில் வந்தது. அம்மா போன பிறகு தம்பிகளை எட்டு மாதம் தனியாகப் பார்த்துக்கொண்டு, அதைப் பள்ளியில் யாருக்கும் சொல்லாமல் மறைக்கும் ஒரு பெண்ணின் கதை. கிளெனிஸ் அதை ஒரே மூச்சில் படித்தாள். மறுநாள் டேனிகாவின் கையில் கொடுத்தாள்.

"இதப் படிச்சுப் பாரேன். ஒனக்குப் பிடிக்கும்."

டேனிகா அட்டையைப் பார்த்தாள், பின்னட்டையைப் பார்த்தாள், பைக்குள் வைத்தாள். அடுத்த நாள் மணி அடிப்பதற்கு முன்பே வந்து மேசைமேல் புத்தகத்தை வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்று சொல்லலாம்.

"மிஸ், இத எனக்குக் குடுக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. நல்லாருக்கேன்னுதான்..."

"வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

கிளெனிஸ் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கு மட்டும். க்ளாஸ்ல எல்லாருக்கும் டிராகன், எனக்கு மட்டும் இது. எங்க வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தீங்களா?"

"டேனிகா, நான் அப்படி நினைச்சு..."

"ஃபிலிசிட்டிக்குக் குடுங்க. அவ நல்லா அழுவா."

அதன்பிறகு அவள் நூலகப் பக்கமே வரவில்லை. இருபது நிமிடத்துக்கு அவள் வீட்டிலிருந்து ஒரு மோட்டார் உதிரிபாகப் பட்டியலைக் கொண்டுவந்து, அதை ஐந்து மாதம் படித்தாள். விதிப்படி எதை வேண்டுமானாலும் படிக்கலாம். வகுப்பாசிரியருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கெல் வருவது வழக்கம். புத்தகம் திரும்பி வந்த வாரம் கிளெனிஸ் நடந்ததைச் சொன்னாள். கெல் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"நீயா? நீ போய் அந்தப் புள்ளக்கி அதக் குடுத்தியா?"

"ஏன், என்ன தப்பு?"

"ஏ க்ளென், நாம என்ன பண்ணுனோம்னு மறந்துபோச்சா ஒனக்கு? அம்மா ஆஸ்பத்திரில இருந்த வருஷம் டீச்சர்கிட்ட என்ன சொன்ன நீ?"

கிளெனிஸுக்கு மறக்கவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அம்மாவை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். பதினோரு மாதம். அப்பா மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போனார். கெல்லுக்கு ஆறு வயது. அம்மா லான்செஸ்டனில் உடம்பு சரியில்லாத பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போயிருப்பதாகக் கிளெனிஸ் பள்ளியில் சொன்னாள். அந்தப் பெரியம்மாவுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு புது நோயைக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"அந்த வருஷம் நீ என்ன படிச்ச?" என்றான் கெல். "குதிர. குதிரையத் தவிர ஒண்ணும் படிக்கல. ஒரு கரண்டிக் கஞ்சிக்கு ஒரு குதிர பேரு சொன்னாத்தான் நான் வாயத் தொறப்பேன். அப்ப ஒனக்கு யாராவது, அம்மா பைத்தியமாயிட்ட பொண்ணு கதன்னு ஒரு புத்தகத்த நீட்டியிருந்தா?"

"அடுப்புல போட்டிருப்பேன்."

"அவ பரவால்ல, திருப்பிக் குடுத்திருக்கா" என்று சொல்லிவிட்டுக் கெல் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை கிளெனிஸ் இழுப்பறையிலிருந்த அட்டையைப் பிய்த்தெடுத்தாள். பசை பலமாக ஒட்டியிருந்ததால் பாதிதான் வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் நூலகத்துக்கே வராத பெண்ணிடம் நடைவழியில் நிறுத்திப் பேசினால் அதுவும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதுபோல்தான் இருக்கும். அதனால் பேசாமல் இருந்தாள்.

ஆகஸ்டில் புத்தக வாரம் வந்தது. அந்த வருடம் எழுத்தாளர் ஒருவர் நேரில் வருகிறார் என்று ஹோபார்ட்டிலிருந்து கடிதம் வந்தபோது பள்ளி பரபரத்தது; லெட்மோருக்கு அதுவரை எந்த எழுத்தாளரும் வந்ததில்லை. கிளெனிஸ் பெயரை இரண்டு தடவை படித்தாள். ஐரீன் பாஸ்கம். 'நாலாவது தட்டு' எழுதியவர்.

ஐரீன் பாஸ்கம் மலைப்பாதையில் பேருந்தில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுப் பெண், சிவப்பு மழைக்கோட்டு, நல்ல குரல். உடற்பயிற்சிக் கூடத்தில் அறுபது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் அவர் கத்திப் பேச வேண்டியிருந்தது. ஒரு அத்தியாயம் வாசித்தார். பிறகு கேள்வி நேரம். ஃபிலிசிட்டி கை தூக்கி, "உங்களுக்குக் கத எங்கருந்து வருது?" என்று கேட்டாள். அவர் அழகாகப் பதில் சொன்னார். ஒரு பையன், "எழுதறதுக்கு எவ்ளோ நாள் ஆச்சு?" என்றான். இரண்டு வருடம் என்றார்.

கடைசி வரிசையில் டேனிகா எழுந்து நின்றாள். கை தூக்கவில்லை.

"அந்தப் பொண்ணு எட்டு மாசம் தம்பிங்களப் பாத்துக்கறா. சமைக்கறா, பொய் சொல்றா, அழறா. துணி எப்பத் தோய்க்கறா?"

ஐரீன் பாஸ்கம் சிரித்தார். "தோய்ச்சிருப்பாம்மா. எல்லாத்தையும் கதையில எழுதிட முடியாதில்லயா?"

"தோய்க்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. காய வைக்கறதுதான். ஒங்க புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் மழ பெய்யுது. ரெண்டு பசங்க. ஆளுக்கு ஒரு யூனிஃபார்ம்தான் இருக்கும். அது எங்க காயும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியர்களும்கூடச் சிலர் சிரித்தார்கள். எழுத்தாளர் சிரிக்கவில்லை. தன் புத்தகத்தில் இரண்டு மூன்று பக்கம் புரட்டிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியல" என்றார். "எங்க வீட்ல துணி காய வைக்கற மெஷின் இருக்கு. நான் அதப் பத்தி நெனச்சே பாக்கல. உண்மையா சொல்றேன், யோசிக்கவே இல்ல. சரி, நீ சொல்லு. மழையில எங்க காய வைப்ப?"

"எங்கயும் காயாது" என்றாள் டேனிகா. "அதனாலதான் கேட்டேன்."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. கிளெனிஸ் சுவரோரமாக நின்றிருந்தாள். டேனிகா மார்ச்சில் அந்தப் புத்தகத்தைப் படிக்காமல் திருப்பித் தரவில்லை, ஒரே நாளில் மழை வரும் பக்கங்கள் உட்பட எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் தந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று மாலையே டக்கெட் அவளைக் கூப்பிட்டார்.

"க்ளெனிஸ், அறுபது பிள்ளைங்க முன்னாடி சொல்லிட்டா. இனிமே எனக்குத் தெரியாதுன்னு நான் இருக்க முடியாது. குடும்ப நலத்துறைக்கு எழுதியாகணும்."

"எழுதுங்க. ஆனா எழுதறதுக்கு முன்னாடி நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க. பின்னால தெரிய வேண்டாம்."

டக்கெட் சொன்னார். அதனால் ஒன்றும் சுலபமாகவில்லை. தம்பிகளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து டேனிகா மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. துறையிலிருந்து ஒரு பெண் பர்னி நகரத்திலிருந்து காரில் வந்தாள். வீட்டைப் பார்த்தாள், அப்பாவிடம் பேசினாள், தம்பிகளின் பற்களைப் பார்த்தாள். யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. வாரம் இரண்டு நாள் வீட்டு வேலைக்கு ஒருவர் வருவார் என்று எழுதிவிட்டுப் போனாள். அந்த ஒருவர் ஒரு நாள் வந்தார், ஒரு நாள் வரவில்லை.

கெல் அப்போது ஊர்க் கால்பந்து மன்றத்தின் பராமரிப்பாளன். மன்றத்தின் பின்கட்டில் துணி காய வைக்கும் ஒரு பெரிய உலர்த்தி இருந்தது. சுரங்கத்தின் சலவைக்கூடத்தை மூடியபோது ஆட்டக்காரர்களின் சட்டைகளுக்காக வாங்கிப் போட்டது. கிளெனிஸ் தம்பியிடம் போய் நின்றாள்.

"ஒண்ணும் சொல்லாத, புரியுது" என்றான் கெல். "ஆனா நீ வராத. நீ வந்து நின்னா அது இன்னொரு நூலகமாயிரும்."

அவனே ஸ்டப்ஸ் வீட்டு வாசலுக்குப் போனான். போன கதையைப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சொன்னான். டேனிகா கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாளாம்.

"பாப்பா, மன்றத்துல ஒரு மெஷின் சும்மாக் கெடக்கு. வாரத்துல ரெண்டு நாள் ஓட்டலன்னா துருப் புடிச்சிரும். நீ வந்து ஓட்டித் தர்றியா?"

"பொய் சொல்றீங்க."

"ஆமா, பொய்தான். துணி காயணுமா, வேணாமா?"

"செவ்வாயும் வெள்ளியும்" என்றாளாம். "கரண்டுக்குப் பதிலா அந்த ரூமப் பெருக்கிருவேன். அழுக்கா இருக்கும்னு தெரியும், ஆம்பளைங்க எடம்."

அப்படியே நடந்தது. பள்ளி விட்டதும் இரண்டு பை ஈரத்துணியோடும் தம்பிகளோடும் வருவாள். ஒரு தடவை ஓட ஐம்பது நிமிடம். தம்பிகள் வெளியே சரளைக்கல் மைதானத்தில் பந்தை உதைத்து முழங்காலைத் தேய்த்துக்கொள்வார்கள். டேனிகா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கிளெனிஸ் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் நூலகத்திலிருந்து கழித்துப்போட்ட புத்தகங்கள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்திருந்தன. அதைக் கெல்லிடம் கொடுத்து உலர்த்திக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். டிராகன், குதிரை, துப்பறிதல், அனாதை எல்லாம் கலந்து கிடந்தன. எது மேலே, எது கீழே என்று அவள் அடுக்கவில்லை. அதைச் செய்யாமல் இருப்பதற்கே அவள் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

நவம்பரில் ஒரு நாள் டேனிகா நூலகத்துக்குள் வந்தாள்.

"மன்றத்துல இருக்கற டிராகன் ரெண்டாம் பாகம். மொதல் பாகம் இருக்கா?"

"அந்த வரிசைல, ஜன்னல் பக்கம்" என்றாள் கிளெனிஸ். எழுந்திருக்கவில்லை. டேனிகா எடுத்துக்கொண்டு வந்து பதிவுக்கு நீட்டியபோதுதான் பேசினாள்.

"எனக்குப் பன்னெண்டு வயசுல எங்கம்மா பதினோரு மாசம் ஆஸ்பத்திரில இருந்தாங்க. தம்பிய நான்தான் பாத்துக்கிட்டேன். யாருக்கும் சொல்லல. ஒங்கிட்ட அந்தப் புத்தகத்த நீட்டினேன் பாரு, அது தப்பு. மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம், எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

டேனிகா புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப நீங்க துணிய எங்க காய வச்சீங்க?"

"சுரங்கத்து பாய்லர் ரூம்ல. அப்பா ஷிப்டுக்குப் போறப்ப மூட்ட கட்டி எடுத்துட்டுப் போவாரு."

"குடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டு டேனிகா டிராகனோடு போனாள்.

அந்த வருட முடிவில் ஐரீன் பாஸ்கமிடமிருந்து பள்ளி முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. கடைசி வரிசையில் நின்று கேள்வி கேட்ட பெண்ணுக்கு என்று உறையில் எழுதியிருந்தது. பெயர் அவருக்குத் தெரியவில்லை. மழைக்காலத்தில் துணி காய வைப்பதைப் பற்றி எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். டேனிகா இரண்டு பக்கம் எழுதினாள். ஹீட்டர் கம்பியில் போட்டால் எது தீயும், மெத்தைக்கடியில் வைத்துப் படுத்தால் எது பாதி காயும், ஓவன் கதவைத் திறந்துவைத்து எதை எவ்வளவு நேரம் காட்டலாம் என்று ஒரு சமையல் குறிப்பைப் போல எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் கிளெனிஸிடம் காட்டிக் கேட்டாள். நான்கு இருந்தன. திருத்திக்கொண்டு அனுப்பினாள்.

இரண்டு வருடம் கழித்து 'நாலாவது தட்டு' மறுபதிப்பு வந்தது. ஆறாம் அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கம் புதிதாகச் சேர்ந்திருந்தது. அந்தப் பெண் பள்ளிக்குப் போகும் முன் தம்பியின் ஈரக் காலுறையைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ரொட்டி வாட்டுகிறாள். டேனிகாவுக்கு அப்போது பதினாறு வயது. ஊர் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்; கல்லாவில் நின்றுகொண்டே படித்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

"பரவால்ல. ஆனா கடைசில அந்தச் சித்தி கேக்கோட வந்து நிக்கறா பாருங்க, அத அப்படியே விட்டுட்டாங்க. எட்டு மாசமா எங்க இருந்தாளாம் அவ?"

மறு வருடம் டேனிகா டெவன்போர்ட்டுக்குப் போய், மெல்பர்னுக்குப் போகும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தாள். தம்பிகளில் பெரியவன் கூடவே போனான். சின்னவன் அப்பா இறக்கும்வரை ஊரில் இருந்தான். பதினொரு அனாதைகளைப் படித்த ஃபிலிசிட்டி பர்னியில் குடும்ப நலத்துறையில் சேர்ந்தாள். நல்ல பெயர் எடுத்திருக்கிறாள் என்று கேள்வி. அதைக் கேட்டபோது கிளெனிஸ், ஆலோசகர் சொன்னது முழுவதும் தப்பில்லை, ஆனால் அந்தப் புத்தகம் போய்ச் சேர வேண்டிய ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் இன்னும் பதினைந்து வருடம் அந்த நூலகத்தில் இருந்தாள். அந்தப் பதினைந்து வருடமும் எந்தப் பிள்ளையின் கையிலும் அவளாக ஒரு புத்தகத்தைக் கொடுக்கவில்லை. தள்ளுவண்டியில் அட்டை தெரியப் பரப்பி வைப்பாள். கேட்டால் எங்கே இருக்கிறது என்று காட்டுவாள். பிறகு வந்த தலைமையாசிரியர் ஒருவர், நூலகப் பதிவேட்டில் பரிந்துரைத்த நூல்கள் என்ற பத்தி ஏன் காலியாக இருக்கிறது என்று எழுத்தில் விளக்கம் கேட்டார். விளக்கம் கொடுத்தாள், ஒரே வரியில்: பிள்ளைகளே எடுத்துக்கொள்கிறார்கள். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வருடத்தில்தான் இருபது நிமிடம் பத்து நிமிடமாகக் குறைந்தது. அவர் மாற்றலாகிப் போன பிறகு மறுபடியும் இருபதானது.

அறுபத்தைந்து வயதில் ஓய்வு பெற்றாள். கெல் மூட்டு அறுவைக்காகப் பர்னி மருத்துவமனையில் கிடந்த நாட்களில் அவள் அங்கே ஓர் அறை எடுத்துத் தங்கினாள். மதியத்தில் பொது நூலகத்துக்குப் போவாள். ஒரு நாள் சிறுவர் பகுதியில் தேடி, அம்மாவை மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் கதையைத் தானாகவே எடுத்தாள். மூன்று நாள் படித்தாள். இரண்டு இடத்தில் மூடிவைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்து தொடர்ந்தாள். முடித்ததும் மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நல்லாருந்துச்சா?" என்று கேட்டாள் அங்கே இருந்த இளம்பெண்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றாள் கிளெனிஸ். "இவங்க எழுதினது வேற இருக்கா?"